மவுண்டன் பைக் ஓட்டும் பிள்ளைகளுக்கு மழைக்கால உடை: இடுப்புக்குக் கீழே என்ன போடுவது?

அக்டோபர் பிறந்தால் போதும், எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி விதவிதமாக வர ஆரம்பித்துவிடும்: "பிள்ளையைக் காட்டுக்கு சைக்கிள் ஓட்டக் கூட்டிப் போகிறோம், காலுக்கு என்ன போட்டு விடுவது?" என் மகளுக்கு 8 வயது, மகனுக்கு 12. ஐந்து குளிர்காலமாக இங்கிலாந்தில் பிராக்னெல் பக்கத்து ஸ்வின்லி காட்டிலும் சர்ரே குன்றுகளிலும், விடுமுறை கிடைத்தால் வேல்ஸிலும் அவர்களோடு ஓட்டி வருகிறேன். அவரவருக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். எல்லாமே பிரிட்டனின் குளிர்காலத்தை வைத்து எழுதியவை. இங்கே பனி கொட்டுவது குறைவு. 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர், விடாத ஈரம், சேறு, இவைதான் நம் பிரச்சினை.

மேலுக்கு நல்ல மழைக்கோட்டு வாங்கிவிட்டோம். காலுக்கு எதற்கு இவ்வளவு யோசனை?

நடந்து போகிறவருக்கு மழை மேலிருந்து வருகிறது. சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அது கீழிருந்து வருகிறது. பின்சக்கரம் சேற்றுத் தண்ணீரை வாரி நேராகப் பின்பக்கத்தில் அடிக்கும். முன்சக்கரம் முழங்காலுக்கும் முகத்துக்கும் அடிக்கும். மழை விட்டு மூன்று நாள் ஆனாலும் காட்டுப் பாதையில் குட்டைகள் வற்றாது. அதனால் வானம் பளிச்சென்று இருக்கிற நாளிலும் பிள்ளை தொப்பலாக நனைந்து வந்து நிற்கும்.

அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு எடை குறைவு, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். நமக்கு முன்பே அவர்கள் குளிர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். ஏற்றத்தில் மிதிக்கும்போது கால் சூடாகும். இறக்கத்தில் பெடலில் அசையாமல் நின்றபடி வரும்போது அதே ஈரக் காலில் காற்று வந்து அறையும்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் மகளுக்கு விலை உயர்ந்த கோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். காலுக்கு வீட்டில் போடும் பருத்தி லெகிங்ஸ். ஸ்வின்லியின் நீலப் பாதை (நடுத்தரக் கடினம் என்பதற்கான நிறக்குறி) சுமார் 10 கிலோமீட்டர். பாதி தூரத்தில் அவள் பேச்சு நின்றது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து லெகிங்ஸைக் கழற்றப் பார்த்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. ஒரு வழியாக உருவி எடுத்தபோது தொடை இரண்டும் சிவந்து, தையல் கோடுகள் பதிந்து, தொட்டால் ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது. கோட்டுக்குள் உடம்பு பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. நான் காசைப் போட்ட இடம்தான் தவறு. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் சைக்கிளைத் தொடவில்லை.

ஒரே ஒரு பொருள்தான் இப்போது வாங்க முடியும். எதை வாங்கலாம்?

மட்கார்டு. உடையைப் பற்றிக் கேட்டால் சைக்கிள் சாமானைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காலை நனைக்கும் தண்ணீரில் பெரும் பங்கு சக்கரத்தில் இருந்து வருகிறது என்றால், அதை அங்கேயே தடுப்பதுதான் முதல் உடை. முன்பக்கத்துக்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பிளாஸ்டிக் டையால் கட்டும் சிறு தகடு போதும். பின்பக்கத்துக்கு சீட்டின் அடியில் செருகும் குட்டித் தகடும் கிடைக்கும், சீட் கம்பியில் பூட்டும் நீளமானதும் கிடைக்கும். நீளமானதையே வாங்குங்கள். சிறு சைக்கிளில் சீட்டுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு. பூட்டிய பிறகு பிள்ளையை உட்கார வைத்து ஒரு படியில் இறக்கிப் பாருங்கள், சக்கரத்தில் உரசக் கூடாது.

அடுத்த வாங்கல் வாட்டர்ப்ரூஃப் பேண்ட்.

வாட்டர்ப்ரூஃப் பேண்டில் 3,000, 5,000, 10,000 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது உள்ளே கசியத் தொடங்கும் என்பதற்கான அளவு. 3,000 என்றால் மூன்று மீட்டர் தண்ணீர்த் தூணைத் தாங்கும். கேட்டால் தாராளம் என்று தோன்றும். நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்குத் தாராளம்தான்.

உட்காரும்போது கணக்கு மாறுகிறது. 25 கிலோ பிள்ளையின் எடையில் 15 கிலோ சீட்டின் மேல் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். சிறுவர் சீட்டில் உடம்பு படும் இடம் சுமார் 100 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம் அழுத்தம், அதாவது 1,500 மில்லிமீட்டர் தண்ணீர்த் தூணுக்குச் சமம். இது சமதளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. வேரிலும் கல்லிலும் குதித்து குதித்து உட்காரும்போது பல மடங்கு ஏறும். தோராயக் கணக்குதான், ஆனாலும் மழையில் நடக்கச் சரியாக இருந்த 2,000, 3,000 பேண்ட் சைக்கிளில் ஏன் பின்பக்கம் மட்டும் கசிகிறது என்பதை இது சொல்லிவிடும். நான் 5,000-க்குக் கீழே வாங்குவதில்லை. வாரம் தவறாமல் ஓட்டும் பிள்ளைக்கு 10,000.

எண்ணைவிடவும் முக்கியமானது தையல். பேண்டை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். எல்லாத் தையலின் மேலும் பளபளப்பான நாடா ஒட்டியிருக்க வேண்டும். சில பேண்டில் பக்கத் தையலுக்கு மட்டும் ஒட்டி, நடுத் தையலை விட்டிருப்பார்கள். பிள்ளை உட்காருவது அந்த நடுத் தையலின் மேல்தான்.

வாங்கியதைக் காட்டுக்குப் போகும் முன்பே சோதிக்க முடியுமா?

முடியும். மர நாற்காலியில் ஒரு துண்டை நன்றாக நனைத்து, பிழியாமல் விரித்துப் போடுங்கள். பிள்ளைக்கு வெளிர் நிறப் பைஜாமா போட்டு, அதன் மேல் புது பேண்டை மாட்டி, அந்தத் துண்டின் மேல் உட்கார வைத்து ஒரு கார்ட்டூன் காட்டுங்கள். இருபது நிமிடம். நடுநடுவே கொஞ்சம் குதிக்கச் சொல்லுங்கள், அதற்குக் கெஞ்ச வேண்டியிருக்காது. எழுந்ததும் பைஜாமாவைப் பார்த்தால் ஈரம் எங்கே, எந்தத் தையலில் என்று வட்டமாகத் தெரியும். விலைச்சீட்டைப் பிய்க்காமல் வைத்திருங்கள். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையில் தோற்ற ஒரு பேண்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். அதைவிடப் பாதி விலைக்கு டெக்கத்லான் கடையில் எடுத்த நடைப்பயண பேண்ட் ஒன்று தேறிவிட்டது.

அதற்கு உள்ளே என்ன போடுவது?

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. வெளியே மழை புகாவிட்டாலும் ஏற்றத்தில் மிதித்து வரும் வியர்வையே அதை நனைக்கப் போதும். நம் ஊர் வெயிலுக்கு வரமான அந்தக் குணம் இங்கே 4 டிகிரியில் எதிரியாகிறது.

பாலியெஸ்டர் லெகிங்ஸ், உட்புறம் பஞ்சு போல் மெத்தென்ற ஓட்டப் பயிற்சி டைட்ஸ், மெரினோ கம்பளி உள்ளாடை, மூன்றில் எதுவும் சரி. மெரினோ நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், சீக்கிரம் நாறாது. ஆனால் விலை அதிகம், கல்லில் விழுந்தால் கிழியும். வளரும் பிள்ளைக்கு அதைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். பள்ளி டிராக்சூட் பேண்டின் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். நூறு சதவீதம் பாலியெஸ்டர் என்று இருந்தால் நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்.

காய்ந்த குளிர் நாள், பாதையும் ஓரளவு காய்ந்திருக்கிறது என்றால் வாட்டர்ப்ரூஃப் பேண்டே வேண்டாம். அது எவ்வளவு காற்றுப் புகும் வகையாக இருந்தாலும் உள்ளே வியர்க்கும். தடித்த டைட்ஸ், அதன் மேல் லேசான நைலான் பேண்ட், போதும். கிளம்பும்போது பிள்ளைக்கு லேசாகக் குளிர வேண்டும். கார் நிறுத்துமிடத்திலேயே கதகதப்பாக இருந்தால் முதல் ஏற்றத்தில் வியர்த்துவிடும், அந்த வியர்வை முதல் இறக்கத்தில் குளிரும்.

வளர்ந்துவிடுவாள் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கலாமா?

சட்டைக்குச் செய்யலாம், இதற்குக் கூடாது. ஒரு அளவு பெரிது சரி. அதற்கு மேல் போனால் வலது காலின் கீழ்ப்பகுதி செயினில் மாட்டும். செயின் இருப்பது வலப்பக்கம். தொளதொளப்பான பேண்ட் கீழே மடிந்து தொங்கினால், பெடல் சுற்றும்போது செயின்ரிங்கின் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) பல் அதைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். மிதிக்க முடியாமல் பிள்ளை அப்படியே பக்கவாட்டில் சாயும். என் மகனின் பழைய பேண்டில் இன்றும் அந்தத் தடம் இருக்கிறது: கணுக்காலுக்கு மேலே, ஒரே இடைவெளியில் ஐந்து சின்ன ஓட்டை, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு கிரீஸ். அன்று அவன் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்ததால் முட்டிச் சிராய்ப்போடு போயிற்று.

கணுக்காலில் வெல்க்ரோ பட்டையோ எலாஸ்டிக்கோ இருக்கும் பேண்டாகத் தேடுங்கள். இல்லாவிட்டால் தனியாக வெல்க்ரோ பட்டை ஒன்று வாங்கி வலது காலில் சுற்றிவிடுங்கள். கீழே ஜிப் இருந்தால் ஷூவைக் கழற்றாமலே மாட்டலாம். நடுக்காட்டில் மழை பிடிக்கும்போது அந்த ஜிப்பின் அருமை தெரியும்.

கடையில் நிற்க வைத்து மட்டும் அளவு பார்க்காதீர்கள். முழங்காலை நெஞ்சு வரை தூக்கச் சொல்லுங்கள், குத்துக்கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். முட்டியில் துணி இறுகினால் ஒவ்வொரு மிதிக்கும் அது எதிர்த்து இழுக்கும். குனியும்போது பின்னால் இடுப்பு தெரிந்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் சேறு உள்ளே போகும்.

தோள்பட்டை வைத்த டங்காரி நல்லதா, இடுப்போடு நிற்கும் பேண்ட் நல்லதா?

குளிருக்கும் சேற்றுக்கும் டங்காரிதான். இடுப்பில் இடைவெளியே இல்லை, நழுவுவதும் இல்லை. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: அது போட்டிருக்கும் நாளில் கிளம்பும் முன் கழிவறை கட்டாயம். ஹெல்மெட், கையுறை, கோட்டு, பிறகு தோள்பட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி முடிப்பதற்குள் சின்னவர்களால் அடக்க முடியாது. பட்டையின் கொக்கி முன்னால் இருக்கிறதா, பிள்ளையே கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

பனிச்சறுக்குக்கு வாங்கிய பேண்ட் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

பெடல் இல்லாத பேலன்ஸ் பைக் ஓட்டும் மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் போடலாம். அவர்கள் அதிகம் வியர்ப்பதில்லை, நின்று நின்றுதான் ஓட்டுவார்கள். மிதித்து ஏறும் பிள்ளைக்கு அது அடுப்பு.

பெரிய பையன்கள் குளிரிலும் அரைக்கால் சட்டையோடு ஓட்டுகிறார்கள். என் மகனும் அதையே கேட்கிறான்.

கேட்கட்டும், அதில் தவறில்லை. நன்றாகப் பார்த்தால் அவர்கள் வெறும் காலோடு இல்லை. வாட்டர்ப்ரூஃப் ஷார்ட்ஸ், அதன் கீழே முட்டிக்கவசம், அதோடு சேரும் நீளமான கம்பளி சாக்ஸ். பின்பக்கம் காய்ந்திருக்கிறது, முட்டி மூடியிருக்கிறது, செயினில் மாட்ட எதுவும் இல்லை. 8 டிகிரிக்கு மேல், வேகமாக ஓட்டும் பையனுக்கு இது முழு பேண்டைவிட வசதி. அதற்குக் கீழே இறங்கினால் ஷார்ட்ஸுக்கு உள்ளே டைட்ஸ் சேர்த்துவிடுங்கள்.

முட்டிக்கவசம் குளிருக்கும் உதவும். பேண்ட் வாங்கப் போகும்போது அதை மாட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள். அதற்கு இடம் விடாத பேண்ட் முட்டியில்தான் முதலில் கிழியும்.

மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வேண்டுமா?

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு வேண்டாம். மெத்தை நனைந்தால் பஞ்சு போலத் தண்ணீரைத் தேக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஜட்டி போடாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் தோல் உரசிப் புண்ணாகும்.

பாதம்தான் முதலில் மரத்துப் போகிறது என்கிறாள்.

கால்சட்டை சரியாக இருந்தும் பாதம் நனைகிறது என்றால், அது எதன் மேல் எது இருக்கிறது என்ற பிரச்சினை. பேண்டின் கீழ்ப்பகுதி ஷூவுக்கும் சாக்ஸுக்கும் வெளியே இருக்க வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காருவது போல. பேண்டை சாக்ஸுக்குள் செருகினால் காலில் வழியும் தண்ணீர் அத்தனையும் ஷூவுக்குள் இறங்கும். சீல்ஸ்கின்ஸ் போன்ற வாட்டர்ப்ரூஃப் சாக்ஸும் அப்படித்தான், மேல் வாய் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

காசில்லாத வழி ஒன்று: கம்பளி சாக்ஸ், அதன் மேல் ரொட்டி வரும் பிளாஸ்டிக் பை, அதன் மேல் ஷூ. உள்ளே வியர்க்கும், ஆனால் காற்று போகாது, ஒரு மணி நேரம் தாங்கும். இரண்டு சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கமாக்க வேண்டாம், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் குளிரும். ரப்பர் பூட்ஸ் போட்டு ஓட்டுவதையும் பார்க்கிறேன். குதிகால் உள்ளே வழுக்குவதால் இறக்கத்தில் பெடலில் பிடிமானம் இருக்காது.

"மழையில் நனைந்தால் சளி பிடிக்கும், வேண்டாம்" என்று பாட்டி போனில் திட்டுகிறார். என்ன சொல்வது?

சளிக்குக் காரணம் வைரஸ், நனைவது மட்டும் அல்ல என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் பாட்டியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் சளி அறிகுறி வந்ததாகச் சொன்னவர்கள் அவர்களில் 13 பேர், காலை நனைக்காதவர்களில் 5 பேர். வைரஸை ஆய்வாளர்கள் பரிசோதிக்கவில்லை, அறிகுறியை மட்டும்தான் கேட்டார்கள். ஆகவே பாட்டியிடம், "காட்டுக்குப் போகிறோம், ஆனால் காலை நனைய விட மாட்டோம்" என்று சொல்லுங்கள். என் அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

குளிர் அளவுக்கு மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பிள்ளை சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். நடுக்கம், கை தடுமாறி பிரேக் பிடிக்க முடியாமை, வழக்கத்துக்கு மாறான மௌனம், காரணமில்லாத அழுகை, குழறும் பேச்சு, எல்லாமே அடையாளம். உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். காற்றுப் படாத இடத்துக்குக் கூட்டிப் போய், ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததை மாட்டி, தலையையும் மூடி, சூடாகவும் இனிப்பாகவும் ஏதாவது குடிக்கக் கொடுங்கள். கால் கைகளை அழுத்தித் தேய்க்க வேண்டாம். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது ஆபத்தான நிலை. பேச்சு குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சூடாகாமலே நடுக்கம் நின்று தூங்கி விழுந்தாலோ, தேறிவிட்டது என்று நினைக்கக் கூடாது, அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க வேண்டும்.

அந்த நிலை வராமல் இருக்க, குளிர்காலத்தில் வட்டமாகச் சுற்றும் நீண்ட பாதையைவிட, காரைச் சுற்றியே சிறு சிறு சுற்றாக ஓட்டுவது நல்லது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காரில் என்ன வைத்திருப்பீர்கள்?

ஃபிளாஸ்கில் சூடான மைலோ, முழு மாற்றுடை (ஜட்டி, சாக்ஸ் உட்பட, அதை மறந்து நான் பட்ட பாடு போதும்), தலை வழியாகப் போடும் துண்டு அங்கி, கீழே விரிக்க ஒரு பழைய பாய், ஈரத்தை அள்ளிப் போட ஐக்கியாவின் பெரிய நீலப் பை. பிள்ளையை முதலில் பாயில் ஏற்றி நிறுத்துங்கள். குளிர்ந்த தார்த்தரையில் வெறுங்காலோடு நிற்கும் இரண்டு நிமிடம் அன்றைய நாளையே கெடுத்துவிடும்.

சேற்று பேண்டை எப்படித் துவைப்பது?

சேறு காய்வதற்கு முன் வீட்டு வாசலிலேயே குழாய்த் தண்ணீரில் அலசிவிடுங்கள், அழுத்தித் தேய்க்காமல். ஜிப்பை மூடி, வெல்க்ரோவை ஒட்டி, 30 டிகிரியில் மெஷினில் போடலாம். சாதாரண சோப்புத்தூளுக்குப் பதில் நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் மாதிரி இதற்கென்றே இருக்கும் சோப்பு. வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் மட்டும் கூடவே கூடாது, அது துணியின் மேல்பூச்சைக் கெடுத்துவிடும்.

புதிதில் தண்ணீர் பேண்டின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடும், சேப்பங்கிழங்கு இலையில் உருள்வது போல. அப்படி உருளாமல் துணி கறுத்து ஊற ஆரம்பித்தால் மேல்பூச்சு சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காகப் பேண்ட் ஓட்டையாகிவிட்டதாக எண்ணித் தூக்கிப் போடாதீர்கள். நன்றாகத் துவைத்து, உள்ளே தைத்திருக்கும் லேபிளில் அனுமதி இருந்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் போடுங்கள், பெரும்பாலும் மீண்டும் உருளும். உருளாவிட்டால் மேல்பூச்சுத் திரவம் வாங்கிப் பூசலாம்.

இவ்வளவுக்கும் செலவு எவ்வளவு ஆகும்? ஒரே வருடத்தில் சின்னதாகிவிடுமே?

பிரிட்டனில் சிறுவர் உடைக்கு 20 சதவீத வாட் வரி கிடையாது. 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான அளவுக்கு அந்தச் சலுகை. உயரமான பிள்ளைக்குப் பெரியவர்களின் சின்ன அளவை எடுக்கும் முன், சிறுவர் பிரிவின் கடைசி அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். சைக்கிள் கம்பெனிகளின் சிறுவர் பேண்ட் நன்றாக உழைக்கும், ஆனால் வேகமாக வளரும் வயதில் நடைப்பயணப் பிரிவின் மலிவு பேண்டோடு ஒரு வெல்க்ரோ பட்டை சேர்த்தாலே வேலை முடியும்.

பழையது வாங்க வெட்கப்பட வேண்டாம். வாங்கும்போது பின்பக்கத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் ஒளி ஊசி ஊசியாக உள்ளே வரும். தையல் நாடா ஓரத்தில் கிளம்பியிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். முட்டியில் ஓட்டை இருந்தால் பரவாயில்லை, கூடாரம் ஒட்டும் ஒட்டுத்துணியை வட்டமாக வெட்டி (மூலை இருந்தால் உரியும்) ஒட்டிவிடலாம். செயின் கடித்த அந்த ஐந்து ஓட்டையையும் அப்படித்தான் உள்பக்கமாக ஒட்டினேன். இந்த அக்டோபரில் இருந்து அந்தப் பேண்டை மகள் போடுகிறாள்.